காற்று விழுந்த நாள்

கி.மு. 56ஆம் ஆண்டுக் கோடையின் பிற்பகுதியில் ஒரு நாள், இன்று பிரான்சின் பிரிட்டனி என்று அழைக்கப்படும் மேற்குக் கரைக்கு அப்பால், பாய் விரித்துத் தப்பியோட முனைந்த ஒரு பெரும் கப்பற்கூட்டம் கடலில் அசைவற்று நின்றுபோனது. காற்று விழுந்துவிட்டது. அந்தக் கப்பல்கள் வெனெத்தி என்ற, அக்காலத்தில் இன்றைய பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த கோலியருள் ஓர் இனத்தாருக்கும் அவர்களோடு சேர்ந்துநின்ற அயல் இனத்தாருக்கும் உரியவை. ஏறத்தாழ 220 கப்பல்கள் என்று எதிரியின் கணக்கு சொல்கிறது. துரத்திவந்தவை துடுப்பு வலித்து ஓடும் உரோமப் போர்க்கப்பல்கள். பகல் பத்து மணியளவில் தொடங்கிய சண்டை பொழுது சாயும்வரை நீண்டது. இருட்டு வந்து மறைத்ததால் மிகச் சில கப்பல்கள் மட்டும் கரை சேர்ந்தன. ஏனையவற்றை உரோமர் ஒவ்வொன்றாக நெருங்கி, ஏறி, பிடித்தார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், விடுமுறைக்கு வீடு வந்திருந்த ஒரு மாலையில், இந்தப் போரை என் பெரியப்பாவுக்குக் கதையாகச் சொன்னேன். இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலையின் திருக்கடலூரில் பிறந்தவர், எஞ்சின் பூட்டிய வள்ளங்கள் எங்கள் கரைக்கு வருவதற்கு முன்னரே பாய் கட்டிக் கடலோடியவர். உரோமரின் வீரத்தைப் பற்றியோ அவர்களின் தளபதியைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. "எந்தக் காத்து தம்பி அது? சோழகமா, கச்சானா? கரை எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். பிறகு சற்று யோசித்துவிட்டு, "நங்கூரத்தைப் போட்டிருக்கலாமே, ஏன் போடேல்லை?" என்றார். அந்தக் கேள்விகளுக்கு விடை தேடித்தான் யூலியஸ் சீசர் எழுதிய கோலியப் போர்க் குறிப்புகளை நான் முதன்முறையாகச் சொல் சொல்லாக வாசிக்கத் தொடங்கினேன். அதுவரை பரீட்சைக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே உரோமரைப் பற்றிப் படித்திருந்தேன்; கோலியர் என்றால் அந்தப் பாடத்தில் தோற்றுப்போவதற்காக வருகின்றவர்கள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

சீசர் காற்றின் திசையைச் சொல்லவில்லை. ஆனால் கப்பல்களைப் பற்றிச் சொல்லியிருப்பதை எந்தக் கடலோடியும் ஆவலோடு கேட்பான். வெனெத்தியரின் கப்பல்கள் முழுக்க முழுக்க ஓக் மரத்தால் ஆனவை. அடிப்பாகம் உரோமக் கப்பல்களைவிடத் தட்டையாக இருந்ததால் ஆழமற்ற நீரையும் வற்றுக் கடலையும் எளிதாகத் தாங்கின. அணியமும் பின்புறமும் பெரும் அலைக்கு ஏற்றபடி மிக உயர்ந்திருந்தன. ஓர் அடி தடிப்புள்ள குறுக்குச் சட்டங்களைக் கட்டைவிரல் பருமனுள்ள இரும்பாணிகளால் இறுக்கியிருந்தார்கள். நங்கூரங்களைக் கயிற்றிலன்றி இரும்புச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். பாய்கள் பதனிட்ட மெல்லிய தோலால் ஆனவை. பெருங்கடலின் புயலையும் அவ்வளவு பாரமான கப்பல்களையும் துணிப்பாய் தாங்காது என்பதே அதற்குக் காரணமாக இருக்கவேண்டும் என்று சீசரே ஊகிக்கிறார். உரோமக் கப்பல்களின் இடிமுனை அந்த மரத்தில் மோதினால் ஒன்றும் ஆகவில்லை. கோபுரம் எழுப்பி நின்று அம்பெய்தாலும் உயர்ந்த பின்புறம் எட்டவில்லை. இப்படி ஒரு கப்பலைக் கட்டுவதற்கு எத்தனை தலைமுறை தச்சர்கள் எத்தனை கப்பல்களைக் கடலுக்குப் பறிகொடுத்துக் கற்றிருக்கவேண்டும் என்பதை நினைக்கும்போது, இந்தப் பத்தியை எதிரியின் கருவிகளைப் பற்றிய குறிப்பாக மட்டும் என்னால் வாசிக்க முடிவதில்லை.

பெரியப்பாவின் கேள்விக்கான விடையும் அங்கேயே இருந்தது. உரோமர் நீண்ட கழிகளின் நுனியில் கூரிய கொக்கி அரிவாள்களைப் பொருத்திக்கொண்டு, பாய்மரத்தோடு பாய்க்கட்டையைப் பிணைத்திருந்த கயிறுகளைப் பற்றி இழுத்து, துடுப்பை வேகமாக வலித்து அறுத்தார்கள். கயிறு அறுந்தால் கட்டை விழும். கட்டை விழுந்தால் பாயையே நம்பிய கப்பலுக்கு வேறு கதியில்லை. அப்படிச் சில கப்பல்கள் பிடிபட்டதைக் கண்டபின்பே எஞ்சியவை காற்றுப் போன திசையில் ஓடத் திரும்பின. திரும்பிய பிறகுதான் காற்று விழுந்தது. நங்கூரம் போட்டிருந்தாலும் நின்ற இடத்தில் பிடிபடுவதைத் தவிர வேறு பலன் இருந்திராது. இதை நான் விளக்கியபோது பெரியப்பா நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்.

வெனெத்தியரின் ஊர்கள் கடலுக்குள் நீண்ட நிலமுனைகளில் இருந்தன. எங்கள் பக்கத்துக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மனிதனின் இடுப்புக்கும் வராது. அந்தக் கரையிலோ நீர்மட்டம் பல மீற்றர் ஏறி இறங்கும். ஒவ்வொரு நாளும் இருமுறை பெருக்கு வந்து நிலமுனையைத் துண்டித்ததால் காலாட்படை நெருங்க முடியவில்லை. வற்றும்போது கப்பல்கள் தரைதட்டும் என்பதால் கடல்வழியும் அடைபட்டது. உரோமர் அரும்பாடுபட்டு அணை கட்டி ஓர் ஊரின் மதிலை எட்டியபோது, ஊரார் தங்கள் உடைமைகளைக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு அடுத்த முனைக்குப் போய்விட்டார்கள். கோடையின் பெரும்பகுதி இப்படியே கழிந்தது. கோணமலையின் உச்சியில், இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று மூன்று பக்கமும் கடலைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நிலமுனை ஊர்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அந்தக் கடற்போர் நடந்த நாளில் கரையோரத்து மலைகளும் மேடுகளும் எல்லாம் தன் படையினரால் நிறைந்திருந்தன என்று சீசர் எழுதுகிறார். கரையில் நின்ற சீசரின் கண்முன்னே ஒரு கடலோடி இனத்தின் முடிவு நிகழ்ந்தது.

அந்த முடிவு போரோடு நின்றுவிடவில்லை. சரணடைந்த வெனெத்தியரின் மூப்பர் அவையிலிருந்த அனைவரையும் சீசர் கொன்றார். ஏனைய மக்களை அடிமைகளாக விற்றார். தூதுவரின் உரிமையை இனிமேலாவது காட்டுமிராண்டிகள் மதிப்பார்கள் என்பதற்காக இப்படிச் செய்தேன் என்று காரணம் கூறுகிறார். அந்தத் தூதுவர் யார் என்பதைச் சில பக்கங்களுக்கு முன்னால் அவரே எழுதியிருக்கிறார்: குளிர்காலத்தில் படைக்குத் தானியம் திரட்டுவதற்காக ஊர்களுக்கு அனுப்பப்பட்ட படை அலுவலர்கள். உரோமரிடம் பணயமாக இருந்த தங்கள் ஆட்களை மீட்கலாம் என்ற எண்ணத்தில் வெனெத்தியர் அவர்களைத் தடுத்துவைத்தார்கள். தானியம் கேட்டு வந்த படை அலுவலன், தண்டனையைப் பற்றி எழுதும் இடத்தில் புனிதமான தூதுவனாகிவிடுகிறான். கிரேக்க நூலாசிரியர் ஸ்திராபோ வேறொரு காரணத்தைத் தருகிறார். பிரித்தானியாவோடு நடந்த வாணிபம் வெனெத்தியரின் கையில் இருந்ததாகவும், சீசர் அத்தீவுக்குப் போவதைத் தடுக்க அவர்கள் ஆயத்தமாக இருந்ததாகவும் அவர் எழுதுகிறார். அடுத்த ஆண்டே சீசர் பிரித்தானியாவுக்குக் கப்பலேறினார் என்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஸ்திராபோவின் காரணமே பொருத்தமாகப் படுகிறது.

கோலியரைப் பற்றிப் படிப்பவருக்கு நேரும் துன்பம் இதுதான். அவர்களைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு அவர்களை அழித்த கையால் எழுதப்பட்டது. திருகோணமலையில் வளர்ந்த ஒருவருக்கு இது புதிய அனுபவம் அல்ல. கோணேசர் கோயிலுக்குப் போகும் ஒவ்வொருவரும் கோட்டை வாசலைக் கடந்தே போகவேண்டும். வாசல் நிலைக்கல்லில் இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இன்றும் இருக்கின்றன. 1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பழைய கோயிலை இடித்த பின்னர், அதன் கற்களைக் கொண்டே அந்தக் கோட்டை எழுந்தது. இடிபட்ட கோயில் எப்படி இருந்தது என்று கேட்டால், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒன்று, நடுவழியில் ஒன்று, உச்சியில் தலையாயது ஒன்று என மூன்று கோயில்கள் இருந்தன என்ற செய்தியை, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய பெர்னாவோ டி கெய்ரோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியாரிடமிருந்தே பெறுகிறோம். அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது சொல்பவர்மேல் கோபமும் சொன்ன செய்திக்காக நன்றியும் ஒன்றாக எழுகின்றன. சீசரை வாசிக்கும்போதும் அப்படியே. ஆகவே நான் அவரைத் தூக்கி எறிவதில்லை; அவர் சொல்லும் ஒவ்வொன்றையும் அவருடைய வேறொரு பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

உதாரணமாக நெர்வி என்ற வடபகுதி இனத்தை எடுத்துக்கொள்ளலாம். கி.மு. 57இல் நடந்த போருக்குப் பின் அவர்களின் 600 மூப்பர்களில் 3 பேரும், படைக்கலம் ஏந்தக்கூடிய 60,000 பேரில் 500 பேர் அளவிலும் மட்டுமே எஞ்சினார்கள் என்று சீசர் எழுதுகிறார். இனமே ஏறத்தாழ அற்றுப்போயிற்று என்று கருணையோடு பேசுகிறார். மூன்றே ஆண்டுகளில் அதே நெர்வியர் ஓர் உரோமப் பாசறையை முற்றுகையிடுவதில் முன்நின்றார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, உரோமர் முற்றுகையிட்ட அலேசியா என்ற கோலிய நகரை மீட்கப் புறப்பட்ட படைக்கு 5,000 வீரரை அனுப்பும்படி கேட்கப்பட்ட இனங்களின் பட்டியலிலும் நெர்வியர் இருக்கிறார்கள். இந்த மூன்றையும் எழுதியது ஒரே கை. உரோமில் அவருடைய அறிக்கைகளைக் கேட்டு நன்றித் திருநாள்களை அறிவித்துக்கொண்டிருந்த மேலவைக்குப் பெரிய எண்கள் தேவைப்பட்டன.

கோலியர் என்றால் உரோமருக்கு அச்சம் என்பதையும் இங்கே சொல்லவேண்டும், ஏனெனில் அந்த அச்சம் இல்லாமல் இந்தக் கொடுமைக்குக் கிடைத்த கைதட்டலைப் புரிந்துகொள்ள முடியாது. உரோம மரபு கி.மு. 390 என்று குறிக்கும் ஆண்டில் செனோன் இனத்தவர் அல்லியா ஆற்றங்கரையில் உரோமப் படையைச் சிதறடித்து, நகருக்குள் புகுந்து அதைத் தீக்கிரையாக்கினார்கள். ஆயிரம் இறாத்தல் பொன்னை நிறுத்து வாங்கும்போது அவர்களின் தலைவன் பிரென்னுஸ் தராசில் தன் வாளையும் வைத்து, தோற்றவர்க்குத் துன்பமே என்று சொன்னதாக உரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அல்லியாவின் தோல்வி நாளான யூலை 18 அதன்பின் உரோம நாட்காட்டியில் கரிநாளாகவே நிலைத்தது. கி.மு. 216இல் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலிடம் கன்னேயில் பேரழிவைச் சந்தித்தபோது, தெய்வத்தைத் தணிப்பதற்காக ஒரு கோலிய ஆணையும் பெண்ணையும், ஒரு கிரேக்க ஆணையும் பெண்ணையும் உரோமர் தங்கள் மாட்டுச் சந்தையில் உயிரோடு புதைத்தார்கள். இதையும் லிவியே பதிவுசெய்திருக்கிறார். நரபலி கொடுப்பவர்கள் என்று கோலியரைப் பழிப்பதற்கு உரோம எழுத்தாளர்கள் செலவழித்த மையோடு இந்தச் செய்தியையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

ஆனால் சீசரின் காலத்துக் கோலியர் அந்தப் பழைய பூச்சாண்டிகள் அல்லர். தெற்குக் கரை கி.மு. 121க்குள் உரோமரின் கைக்குப் போய்விட்டது. நார்போவில் உரோமக் குடியேற்றம் எழுந்தது. வடக்கில் இருந்த இனங்கள் காசு அடித்தன, மதில் சூழ்ந்த நகரங்களில் வாழ்ந்தன, ஆண்டுதோறும் நீதித் தலைவரைத் தேர்ந்தெடுத்தன, இத்தாலியிலிருந்து திராட்சை மதுவைச் சாடி சாடியாக இறக்குமதி செய்தன. தங்களுக்குள் ஓயாமல் பிணக்குப்பட்டன. ஈதுவீ இனத்தின் தலைவர் திவிசியாக்குஸ், அயலாருக்கு எதிராக உதவி கேட்டு உரோமின் மேலவைக்கே போனவர். உரோமர் அந்த இனத்தாரை உடன்பிறந்தார் என்று அழைத்தார்கள். இலங்கையின் தென்மேற்கில் இருந்த கோட்டை இராச்சியத்தின் அரண்மனைப் பூசல் போர்த்துக்கேயருக்கு எப்படி வாசல் திறந்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் இந்தக் கதையின் அடுத்த வரி தெரியும். கி.மு. 58இல் எல்வேத்தி இனத்தாரைத் தடுக்கவும், பிறகு செருமானியத் தலைவன் அரியோவிஸ்துஸை விரட்டவும் அழைக்கப்பட்டவராக வந்த சீசர், எட்டு ஆண்டுகள் போகவில்லை.

திவிசியாக்குஸின் தம்பி துமுனோரிக்ஸ் உரோமரை ஆரம்பத்திலிருந்தே நம்பாதவர். கி.மு. 54இல், பிரித்தானியாவுக்குத் தம்மோடு வரும்படி சீசர் கட்டாயப்படுத்தியபோது அவர் மறுத்துப் பாசறையைவிட்டுப் போனார். பின்தொடர்ந்த குதிரைப்படை அவரைச் சூழ்ந்து வெட்டியது. வெட்டுப்படும்போது தான் சுதந்திரமான நாட்டின் சுதந்திரமான மனிதன் என்று அவர் திரும்பத் திரும்பக் கூவினார். இந்தக் கூவலையும் நமக்குச் சொல்வது சீசர்தான். அவர் ஏன் அதை எழுதினார் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். மறைத்திருக்கலாம், கேட்டவர்கள் அவருடைய ஆட்களே. எழுதியதை அழிக்காமல் விட்டதால், ஒரு கோலியனின் கடைசிச் சொல் இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்து உவர்மலையில் என் வீட்டு விறாந்தை வரைக்கும் வந்திருக்கிறது.

கி.மு. 52இல் நிலைமை மாறியது. அர்வேர்னி இனத்து இளைஞர் வெர்சிங்கெத்தோரிக்ஸ் ஏறத்தாழ எல்லா இனங்களையும் ஒரு தலைமையின்கீழ்க் கொண்டுவந்தார். உரோமருக்குத் தானியம் கிடைக்கக்கூடாது என்று பித்துரிகே இனத்தின் இருபதுக்கு மேற்பட்ட ஊர்களை அவர்களே ஒரே நாளில் எரித்தார்கள். அவாரிக்கும் என்ற அழகிய நகரை மட்டும் எரிக்கவேண்டாம் என்று அந்த இனத்தார் காலில் விழுந்து கெஞ்சினார்கள். வெர்சிங்கெத்தோரிக்ஸ் மனமிரங்கினார், உரோமர் அந்நகரைப் பிடித்தபோது உள்ளே இருந்த 40,000 பேரில் 800 பேர் மட்டுமே தப்பினார்கள் என்று சீசரின் கணக்கு. கெர்கோவியாவில் சீசர் தோற்றார். 46 நூற்றுவர் தலைவரும் ஏறத்தாழ 700 வீரரும் மாண்டதை அவர் ஒப்புக்கொள்கிறார். அதன்பிறகு அலேசியா.

அலேசியாவின் முற்றுகையைப் பொறியியல் வியப்பாகவே பலரும் எழுதுகிறார்கள். மலைமேல் இருந்த நகரைச் சுற்றி 11 உரோம மைல் நீளத்துக்கு உட்சுற்று அரண். வெளியிலிருந்து வரப்போகும் மீட்புப் படைக்கு எதிராக 14 மைல் நீளத்துக்கு வெளிச்சுற்று அரண். இடையில் அகழிகள், கூர்க்கழிகள், புதைகுழிகள். மூன்றாம் நெப்போலியனின் ஆணையில் 1861 முதல் 1865 வரை நடந்த அகழ்வு அந்த அகழிகளின் தடத்தை மண்ணில் கண்டது. எனக்கோ இந்த அளவுகளைவிட, இரண்டு அரண்களுக்கும் நடுவே நடந்த ஒன்று பெரிதாகத் தெரிகிறது.

உள்ளே உணவு தீர்ந்துகொண்டிருந்தது. கிரித்தொக்னாத்துஸ் என்ற தலைவர், போருக்கு உதவாதவர்களின் உடலை உண்டேனும் தாக்குப்பிடிக்கவேண்டும் என்று பேசினார். அந்தப் பேச்சை ஈவிரக்கமற்றது என்று முன்னுரை கூறிவிட்டு முழுமையாகத் தருகிறார் சீசர். மற்றப் பகைவர்கள் கொள்ளையடித்துப் போய்விடுவார்கள், உரோமரோ நம் வயல்களில் வந்து குடியேறி என்றென்றும் அடிமைத்தளை பூட்டுவார்கள், தெற்கே மாகாணமாக்கப்பட்ட கோலியரைப் பாருங்கள் என்று அதே பேச்சு தொடர்கிறது. உரோம ஆட்சியைப் பற்றிய மிகக் கூர்மையான குற்றச்சாட்டு இப்படி நரமாமிச யோசனையின் உறைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அவை அந்த யோசனையை ஒத்திவைத்தது. அதற்குப் பதிலாக, நகரின் உண்மையான உரிமையாளர்களான மந்துபி மக்களை, படைக்கு அடைக்கலம் தந்து உள்ளே விட்டவர்களை, மனைவி மக்களோடு வெளியே அனுப்பியது. அவர்கள் உரோம அரணின் அடிக்கு வந்து, அடிமைகளாகவேனும் ஏற்றுக்கொண்டு சோறு தாருங்கள் என்று அழுது மன்றாடினார்கள். சீசர் அரணில் காவலரை நிறுத்தி அவர்களை ஏற்கவிடாமல் தடுத்தார். அதோடு அந்த வாக்கியம் முடிகிறது. பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்று அவர் எழுதவில்லை. இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதிய வரலாற்றாசிரியர் காசியுஸ் தியோ, நகருக்கும் பாசறைக்கும் இடையில் அவர்கள் பரிதாபமாக மடிந்தார்கள் என்கிறார்.

போர்க்காலத்தில் நானும் என் வீட்டாரும் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் மூன்று மாதம் இருந்தோம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. என் மகள் அப்போது கைக்குழந்தை. நாங்கள் உயிரோடு திரும்பினோம், வெளியிலிருந்து அரிசி வந்தது. அந்த அனுபவத்தை அலேசியாவோடு ஒப்பிட நான் முயலவில்லை. ஆனால் மந்துபி மக்களைப் பற்றிய அந்த ஒற்றை வாக்கியத்தை வாசிக்கும்போது, அடுத்த வரியில் மீட்புப் படையின் வருகையைப் பற்றிப் பரபரப்பாக எழுதத் தொடங்கும் ஆசிரியரின் பின்னால் என் கண் போவதில்லை. அது அந்த மேட்டிலேயே நிற்கிறது.

மீட்புப் படை வந்து தோற்றது. வெர்சிங்கெத்தோரிக்ஸ் ஒப்படைக்கப்பட்டார், சீசரின் இலத்தீனில் அதற்கு இரண்டே சொற்கள். அலங்கரித்த குதிரையில் வந்து சீசரைச் சுற்றி வலம்வந்து காலடியில் அமர்ந்தார் என்ற காட்சி, பின்னாளில் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியது; ஓவியர்கள் விரும்பி வரைந்ததும் அதையே. ஆறு ஆண்டுகள் சிறையில் இருந்த அவரை, கி.மு. 46இல் வெற்றி ஊர்வலத்தில் நடத்திக் காட்டிவிட்டுக் கொன்றார்கள். அலேசியா விழுந்ததற்கு அடுத்த ஆண்டில், கடைசியாக எதிர்த்துநின்ற உக்ஸெல்லோதூனும் நகரின் நீரூற்றைத் திசைதிருப்பி, ஊரார் தாகத்தால் சரணடைந்தபோது, படைக்கலம் ஏந்திய எல்லோருடைய கைகளையும் வெட்டினார்கள். மொத்தப் போரிலும் பத்து இலட்சம் பேர் மாண்டதாகவும் அத்தனை பேர் சிறைப்பட்டதாகவும் புளூட்டார்க் கூறுகிறார். அந்த எண்ணை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் பாதியாக்கினாலும் காலாகப் பிரித்தாலும் அது தாங்கக்கூடிய எண்ணாக மாறுவதில்லை.

நூறு ஆண்டுகள் கழித்து, கி.பி. 48இல், கோலியத் தலைவர்கள் உரோம மேலவையில் அமர உரிமை வேண்டும் என்று பேரரசர் குளோதியுஸ் வாதாடினார். அந்த உரையைப் பொறித்த வெண்கலத் தகடு 1528இல் லியோன் நகரில் கிடைத்தது. ஈதுவீ இனத்தாருக்கே முதலில் இடம் கிடைத்தது. இதைச் சிறிய செய்தி என்று தள்ளிவிட முடியாது. வென்றவர் தோற்றவருக்குத் தன் சபையில் நாற்காலி கொடுப்பது எல்லாப் பேரரசுகளிலும் நடப்பதல்ல. ஆனால் அந்த நாற்காலியில் அமர்ந்தவர்கள் இலத்தீனில் பேசினார்கள்.

மொழியைப் பற்றி எழுதாமல் என்னால் இதை முடிக்க முடியாது. கோலியரின் குருமாரான துருயிதர், தங்கள் மறைகளைப் பாட்டாகவே மனனம் செய்தார்கள். சிலர் இருபது ஆண்டுகள் வரை கற்றார்கள். கணக்குக்கும் பிற அலுவல்களுக்கும் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தத் தெரிந்தும், மறைகளை எழுதுவது முறையல்ல என்று தவிர்த்தார்கள். பாமரரிடம் போய்விடக்கூடாது என்பதும், எழுத்தை நம்பினால் நினைவாற்றல் தளர்ந்துவிடும் என்பதும் காரணங்கள் என்று சீசர் கருதுகிறார். பேரரசர்கள் துருயிதரை ஒழித்தபோது, இருபதாண்டுக் கல்வி முழுவதும் அதைக் கற்றவர்களின் நெஞ்சோடு போய்விட்டது. ஒரு வரிகூட நமக்கு எஞ்சவில்லை. என் அம்மம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சம்பந்தர் கோணமலைமேல் பாடிய பதிகம் முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் விளக்கு வைக்கும் நேரத்தில் பாடுவார். கோயிலின் கற்கள் கோட்டையாகிவிட்ட பின்பும் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டு அவரிடம் இருந்தது. அந்தப் பதிகம் ஏட்டிலும் இருந்தது, வாயிலும் இருந்தது. துருயிதரின் பாட்டுக்கு ஏடு இல்லை.

எஞ்சிய கோலிய மொழி எதிர்பாராத இடங்களில் கிடக்கிறது. பாரிஸ், ரான்ஸ், அமியான் என்ற பெயர்களில் பரிசி, ரேமி, அம்பியானி இனங்கள் இருக்கின்றன. வான் என்ற கரையோர நகரின் பெயரில் வெனெத்தியர் இருக்கிறார்கள். 1782இல் தளபதி சுஃப்ரனின் பிரெஞ்சுக் கடற்படை எங்கள் துறைமுகத்தைப் பிடித்து நங்கூரமிட்டபோது அந்த மாலுமிகள் பேசிய மொழியில் வானம்பாடிக்கும் ஓக் மரத்துக்கும் கலப்பைக்கும் இருந்த பெயர்கள் கோலியச் சொற்களின் வழிவந்தவை. 1897இல் கொலின்யி என்ற ஊரில் துண்டு துண்டாகக் கிடைத்த வெண்கல நாட்காட்டி, ஐந்து ஆண்டுகளுக்கு 62 மாதங்களைக் காட்டுகிறது. இரண்டு அதிக மாதங்களைச் சேர்த்துச் சந்திரனையும் சூரியனையும் இணக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டு பாதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மாதங்கள் நல்லவை என்றும் அல்லாதவை என்றும் குறிக்கப்பட்டிருக்கின்றன. பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்த நமக்கு அதை விளங்கிக்கொள்ள அகராதி அதிகம் தேவைப்படாது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிக நெருக்கமானது ஒரு குயவர் கணக்கு. தென் பிரான்சில், மியோ நகருக்கு அருகில் உள்ள லா கிரோஃபசான்க் என்ற இடத்தில், கி.பி. முதலாம் நூற்றாண்டில் பளபளப்பான சிவப்பு மட்பாண்டங்களைப் பெருந்தொகையாகச் சுட்டார்கள். அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த இத்தாலியச் சிவப்புப் பாண்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வகை எப்படி இருக்கும் என்று தெரியும். பல குயவர்களின் பாண்டங்களை ஒரே சூளையில் அடுக்கியதால், யாருடையது எத்தனை என்று ஒரு தட்டின்மேல் கீறி, அந்தத் தட்டையும் சேர்த்துச் சுட்டார்கள். சில கணக்குகளில் மொத்தம் 25,000 பாண்டங்களைத் தாண்டுகிறது. பெயர்களில் சில இலத்தீன், சில கோலியம். ஆனால் எத்தனையாவது சூளை என்பதைக் கீறும்போது அந்தக் கணக்கன், அலேசியா விழுந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், தன் தாயிடம் கற்ற எண்ணைத்தான் எழுதினான். அவனை யாரும் வென்று எழுதவில்லை, அவனே எழுதினான். அந்தத் தட்டுகளிலிருந்து திரட்டிய எண்களை என் குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன். முதலாவது சிந்துக்ஸோஸ், இரண்டாவது அல்லோஸ், மூன்றாவது திரித்தியோஸ், நான்காவது பெத்துவாரியோஸ், ஐந்தாவது பின்பெத்தோஸ், ஆறாவது சுவெக்ஸோஸ், ஏழாவது செக்ஸ்தமெத்தோஸ், எட்டாவது ஒக்ஸ்துமெத்தோஸ், ஒன்பதாவது நாமெத், பத்தாவது தெகமெத்தோஸ்.